அந்த அஞ்சு நிமிஷம் யாருடையது?

நேரம் பொன் போன்றது என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து சொல்லிக் கொடுத்தார்கள். சுவரில் எழுதிப் போட்டார்கள். பேச்சுப் போட்டியில் பேச வைத்து டிபன் பாக்ஸ் பரிசு கூடக் கொடுத்தார்கள். அந்தப் பொன் யாருடைய பொன் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை நண்பர்களே!

இன்னும் சில மாதங்களில் இறுதியாண்டு முடிக்கும் நாம் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்து போவோம். சிலர் அம்பத்தூர், சிலர் ஓரகடம், சிலர் ஓசூர், சிலர் கோவை. வேலை கிடைத்தவர்களுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். கிடைக்காதவர்களுக்கும் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் கேம்பஸ் இன்டர்வியூ முடிந்து வெளியே வருகிறவனைச் சூழ்ந்துகொண்டு நாம் கேட்பது என்ன? “எவ்வளவுடா சம்பளம்?” அதற்கு அடுத்த கேள்வி, “கேன்டீன் உண்டா?” அந்தச் சம்பளம் எத்தனை மணி நேர வேலைக்கு என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் படிப்புக்கு நடுவே இரண்டு விடுமுறைகளில் ஒரு ஜாப் ஆர்டர் யூனிட்டில் ஹெல்ப்பராக இருந்தவன். பெயர் வேண்டாம். அதே மாதிரி யூனிட் எத்தனையோ இருக்கின்றன. ஷிப்ட் காலை 8 மணி முதல் 4.30 வரை, நடுவில் அரை மணி சாப்பாடு. இது போர்டில் எழுதியிருப்பது. நடப்பது வேறு. 7.45-க்கே மெஷின் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆயில் பார்க்கணும், கூலண்ட் ஊத்தணும், போன ஷிப்ட் விட்டுப்போன ஜாப்பை எண்ணி வைக்கணும். 8 மணிக்கு ஸ்பிண்டில் சுற்றியாக வேண்டும். சாப்பாட்டு மணி அடித்தால், “கையில இருக்கிற ஜாப்பை முடிச்சிட்டுப் போப்பா, அஞ்சே நிமிஷம்” என்பார் சூப்பர்வைசர். அந்த அஞ்சு நிமிஷம் எப்போதும் பத்து நிமிஷம்தான். சாயந்திரம் பஞ்ச் அடித்துவிட்டுத் திரும்ப உள்ளே வந்து சிப்ஸ் பெருக்கி, மெஷின் துடைத்து, டூல்களை ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அதற்கு ஒரு கால் மணி நேரம்.

“ஏண்ணே, பெருக்கிட்டுப் பஞ்ச் அடிச்சா ஆகாதா?” என்று ஒரு மூத்த ஆபரேட்டரிடம் கேட்டேன். “நம்ம மெஷின் தம்பி, நாமதான பார்த்துக்கணும்” என்றார். அவர் சொன்னதில் ஒரு தொழிலாளியின் பெருமை இருக்கிறது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். மெஷின் மேல் உள்ள பாசம் அவருடையது. ஆனால் மெஷின் அவருடையது இல்லையே! அந்தப் பாசத்துக்கு எந்த மாதமும் சம்பளச் சீட்டில் ஒரு வரி இருந்ததில்லை.

சரி, ஒரு சின்னக் கணக்கு

நாம் டிப்ளமோ படிப்பவர்கள். மைக்ரானில் பேசுகிறவர்கள். ஷாப்டில் ஒரு நூல் கூடினாலும் ரிஜெக்ட் என்று தள்ளுகிறோம். நேரத்தையும் அப்படி அளந்து பார்ப்போமே!

காலையில் 15 நிமிஷம், மதியம் 10 நிமிஷம், மாலையில் 15 நிமிஷம். ஒரு நாளைக்கு 40 நிமிஷம். மாதம் 26 வேலை நாள் என்றால் 1,040 நிமிஷம், அதாவது 17 மணி 20 நிமிஷம். வருஷத்துக்கு 208 மணி நேரம். 8 மணி நேர ஷிப்டால் வகுத்துப் பாருங்கள். சரியாக 26 ஷிப்ட்!

ஆக, பன்னிரண்டு மாதச் சம்பளத்துக்குப் பதின்மூன்று மாதம் வேலை. ஓவர்டைம் என்றால் இரட்டிப்பு என்பது விதி. அந்தக் கணக்கில் பார்த்தால் வருஷத்துக்கு ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம் சத்தமில்லாமல் காணாமல் போகிறது. பஸ்ஸில் ஒருவன் நம் பாக்கெட்டில் கை விட்டால் கத்துகிறோம். இங்கே கை விடுவது தெரிவதே இல்லை, ஏனென்றால் தினமும் அஞ்சு அஞ்சு நிமிஷமாக எடுக்கிறார்கள். சிறுதுளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டும் சொன்ன பழமொழி இல்லை போலிருக்கிறது!

சட்டம் என்ன சொல்கிறது?

“அதெல்லாம் சட்டத்தில் இருக்காது, அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்” என்று சொல்பவர்கள் கவனிக்கவும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. ஐந்து மணி நேரம் வேலை செய்தால் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்றது. நாளைக்கு 9 மணி அல்லது வாரத்துக்கு 48 மணி தாண்டினால் இரட்டிப்பு ஊதியம் என்றது. அதே 1948-இன் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், கூடுதலாகச் செய்த ஒவ்வொரு மணிக்கும், மணியின் ஒரு பகுதிக்கும் கூலி உண்டு என்றது. மணியின் பகுதி என்றால் என்ன? நம்முடைய அஞ்சு நிமிஷம்தான்!

2025 நவம்பர் 21 முதல் 29 பழைய மத்தியச் சட்டங்களின் இடத்தில் நான்கு சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. “பழைய சட்டம் போச்சு, உரிமையும் போச்சு” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த மணியின் பகுதி அப்படியே இருக்கிறது. இரட்டிப்புக்குக் குறையாத கூலியும் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டுப் பணிநிலைமைச் சட்டத் தொகுப்பு ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்கிறது. ஓவர்டைமுக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்கிறது. வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கிறது. சம்பளப் பாக்கியைக் கேட்க மூன்று ஆண்டு அவகாசம். பாக்கி இல்லை, கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இடைவேளை எவ்வளவு, வேலை நேரத்தை எப்படிப் பிரிப்பது என்பதை எல்லாம் புதிய தொகுப்பு அரசின் அறிவிப்புக்கும் விதிகளுக்கும் விட்டிருக்கிறது. அந்த அரை மணி சாப்பாட்டு நேரம் இனி சட்டத்தின் வரியில் இல்லை. அறிவிப்பில் என்ன எழுதுகிறார்கள் என்று நாம்தான் கண் கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டும்.

நமக்கென்றே இரண்டு ஓட்டைகள்

டிப்ளமோக்காரர்களான நமக்கென்று இரண்டு விசேஷமான ஓட்டைகள் இருக்கின்றன.

முதல் ஓட்டை ‘டிரெய்னி’ என்ற பட்டம். 1961-ஆம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டப்படி டிப்ளமோ முடித்தவர் டெக்னீஷியன் அப்ரெண்டிஸ். அப்ரெண்டிஸ் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அதனால் இரட்டிப்புச் சம்பளம் கேட்க முடியாது. “பார்த்தீங்களா, உங்களுக்கு உரிமையே இல்லை” என்று இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். அடுத்த பிரிவைப் படிக்க மாட்டார்கள்! அப்ரெண்டிஸ் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் அப்ரெண்டிஸை ஓவர்டைம் பார்க்க வைக்கவே கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. அந்த அனுமதியும் பயிற்சியின் நலனுக்காகவோ பொதுநலனுக்காகவோ இருந்தால்தான் கிடைக்கும். புரொடக்‌ஷன் டார்கெட் முடியவில்லை என்பது பயிற்சியின் நலன் ஆகாது.

அதோடு, முறையாக ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்தவர்தான் இந்தச் சட்டப்படி அப்ரெண்டிஸ். ஐ.டி. கார்டில் ‘டிரெய்னி’ என்று அச்சடித்து, சேர்ந்த மறுநாளே தனி மெஷினில் நிறுத்தி, மற்றவர்களைப் போலவே எண்ணிக்கை கேட்கிறார்கள் என்றால் அது பயிற்சியா, வேலையா? என் ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று சேரும் நாளிலேயே கேளுங்கள்.

இரண்டாவது ஓட்டை ‘சூப்பர்வைசர்’ என்ற பட்டம். இது கொஞ்சம் இனிப்பான ஓட்டை. வீட்டில் அம்மா நாலு பேரிடம் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் வாங்குபவர் பணிநிலைமைத் தொகுப்பின்படி ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வர மாட்டார். இதைப் பயன்படுத்தி, நாள் முழுக்க மெஷின் ஓட்டுகிறவனுக்கும் ஒரு பட்டத்தைக் கொடுத்து ஓவர்டைமை நிறுத்திவிடலாம். ஒருவருடைய பதவிப் பெயரைப் பார்க்காதே, அவருடைய முதன்மையான வேலை எது என்று பார் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே ஒரு மருந்துக் கம்பெனி ஊழியர் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கழுத்தில் தொங்குவது என்ன என்பது முக்கியமில்லை, கையில் இருப்பது ஸ்பேனரா பேனாவா என்பதே கேள்வி!

இது புதிய சண்டை இல்லை

நிமிஷத்துக்காகச் சண்டை போடுவது அற்பத்தனம் என்று நினைப்பவர்கள் 1918-ஐத் திரும்பிப் பார்க்கட்டும். அந்த ஆண்டு ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி.வாடியா தலைவர். திரு.வி.க. முன்னின்றவர்களில் ஒருவர். இந்தியாவின் முறையான முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்னாடிக் மில் தொழிலாளர்கள் அதில் திரண்டார்கள். அவர்கள் கொண்டுவந்த முதல் குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? மதியச் சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பதுதான்! சோற்றை விழுங்கிவிட்டு ஓட வேண்டியிருக்கிறது என்ற ஒரு சாதாரணக் குறையிலிருந்து ஒரு பெரிய இயக்கம் எழுந்தது.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மவுண்ட் கிளெமென்ஸ் என்ற ஊரில் ஒரு மண்பாண்டத் தொழிற்சாலை. பஞ்ச் அடித்துவிட்டு மெஷினுக்கு நடந்துபோய், ஏப்ரன் மாட்டி, வேலைக்குத் தயாராகும் நிமிஷங்களுக்கு அங்கே கூலி இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1946-ல் தீர்ப்பு: முதலாளியின் இடத்தில், முதலாளிக்காகச் செலவாகும் நேரம் வேலை நேரமே. நிர்வாகம் சரியான பதிவு வைக்கவில்லை என்றால் அதற்கான தண்டனை தொழிலாளிக்கு விழக் கூடாது, அவர் நியாயமான கணக்கைக் காட்டினால் போதும். ஆனால் மறு ஆண்டே அந்த நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு இதில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 2014-ல் ஒரு கிடங்கில் ஷிப்ட் முடிந்து திருட்டுச் சோதனைக்காக ஏறக்குறைய 25 நிமிஷம் வரிசையில் நின்றதாக வழக்குப் போட்டவர்களுக்கு, அதற்குக் கூலி கிடையாது என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. வாங்கிய நிமிஷத்தைக் காவல் காக்கவும் வேண்டும் என்பதுதான் இதில் பாடம்.

நம் நாட்டிலும் அதே கதைதான். 2020 ஏப்ரலில், கொரோனாவைக் காரணம் காட்டி குஜராத் அரசு ஓர் அறிவிப்பு போட்டது. ஆலைகளில் 12 மணி நேரம் வேலை, கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு இல்லை, சாதாரணக் கூலிதான் என்றது. குஜராத் மஸ்தூர் சபா என்ற தொழிற்சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. அக்டோபர் 1-ல் அறிவிப்பு ரத்து! அதுவரை உழைத்த கூடுதல் நேரத்துக்கும் உரிய ஓவர்டைம் ஊதியம் தர வேண்டும் என்று உத்தரவு.

நம் மாநிலத்திலும் 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள். மே 1 அன்று திரும்பப் பெற்றதாக முதல்வர் அறிவித்தார். சிங்காரவேலர் 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் செங்கொடி ஏற்றி மே தினம் கொண்டாடிச் சரியாக நூறு வருஷம் ஆன நாள் அது! கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

“கத்துக்கற வயசுல கணக்குப் பார்க்காதே!”

இப்படிச் சொல்பவர்கள் நிறைய. அவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்ல. சின்ன யூனிட் நடத்தும் முதலாளி, கரண்ட் போய் வந்த அவஸ்தையில், டெலிவரி தவறினால் அடுத்த ஆர்டர் போய்விடுமே என்ற பயத்தில், அவரே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு லேத்தில் நிற்பதையும் நான் பார்த்திருக்கிறேன். திடீரென்று மெஷின் படுத்துவிட்டால் மணி பார்த்துக்கொண்டு கிளம்புகிறவன் நல்ல டெக்னீஷியனும் அல்ல. நான் சொல்வது வேலை செய்யாதே என்பதல்ல. செய், எழுது, அப்புறம் கேள்!

கற்றுக்கொள்வது என்ற பெயரில் நடப்பது எல்லாம் கற்றுக்கொள்வதா என்பதையும் பாருங்கள். செட்டிங் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் அது கற்றல். முதல் வாரம் சிப்ஸ் பெருக்கினால் அதுவும் கற்றல்தான். முந்நூறாவது நாளும் பஞ்ச் அடித்த பிறகு சிப்ஸ் பெருக்கினால் அதில் கற்க என்ன மிச்சம் இருக்கிறது?

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. ராத்திரி 10 மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில், “இன்னைக்கு ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட் யார் அனுப்பலை?” என்று ஒரு செய்தி. வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும். அந்த ரிப்போர்ட் எழுதுவதும் வேலைதான். பாயில் உட்கார்ந்து எழுதினால் வேலை இல்லை என்று ஆகிவிடுமா?

எல்லா நேரத்தையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. கம்பெனி பஸ்ஸில் வரும் நேரம் வேலை நேரம் இல்லை. யூனிபார்ம் மாற்றும் நேரம், கேட்டில் செக்கிங்குக்கு நிற்கும் நேரம் பற்றி வாதம் இருக்கலாம். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளுக்குப் போகும் நம் தோழிகளுக்கு இது பெரிய பிரச்சினை. தலைக்கு கேப், காலுக்கு ஷூ கவர், ஸ்டாட்டிக் பட்டை என்று எல்லாம் மாட்டிக்கொண்டுதான் லைனுக்கே போக முடியும். விடுதிக்குப் போகும் பஸ் வேறு நேரத்துக்குக் கிளம்பிவிடும். அங்கே பேசித்தான் ஒரு ஏற்பாட்டுக்கு வர வேண்டும். ஆனால் மெஷினுக்கு ஆயில் போடுவதும், ஜாப் எண்ணுவதும், ரிப்போர்ட் எழுதுவதும் வேலை. இதில் வாதத்துக்கே இடமில்லை.

என்ன செய்யலாம்?

தனியாகப் போய் முதல் நாளே சட்டம் பேசினால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். “நாளைல இருந்து வர வேணாம் தம்பி” என்பார்கள். வீட்டில் தங்கை படிக்கிறாள், படிக்க வாங்கிய கடன் நிற்கிறது. அதனால் வீரவசனம் பேச நான் வரவில்லை. கையில் ஆதாரம், பக்கத்தில் ஆள் என்ற இரண்டும் இருந்தால் பேசலாம் என்கிறேன்.

ஆதாரத்துக்கு ஒரு பாக்கெட் நோட்டு போதும். தேதி, மெஷின் பக்கம் வந்த நேரம், சாப்பாட்டுக்குப் போன நேரம், திரும்பிய நேரம், உண்மையில் வேலை முடிந்த நேரம், யார் சொல்லி நின்றோம் என்பதைத் தினமும் எழுதுங்கள். லேபில் ரீடிங் எடுத்துப் பதிவு நோட்டில் எழுதுகிற நமக்கு இது கஷ்டமா என்ன? மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு ஒத்துப் பாருங்கள். நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

ஆள் என்பது நம்மோடு வேலை பார்ப்பவர்கள். சங்கம் இருந்தால் சங்கம். இல்லையென்றால் நாலு பேராகச் சேர்ந்து மரியாதையாக, “சார், பெருக்கி முடிச்சிட்டுப் பஞ்ச் அடிக்கிறோமே” என்று கேட்பதே பெரிய ஆரம்பம். அதிலும் நடக்கவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. ஆலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமும் இருக்கிறது. அப்ரெண்டிஸ் என்றால் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலப் பயிற்சி வாரியத்துக்கு எழுதலாம்.

நம் மாணவர் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் ஒவ்வொரு கம்பெனியிடமும் பிளேஸ்மென்ட் செல் மூலமாக நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குவோம். ஷிப்ட் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? சாப்பாட்டு இடைவேளை எவ்வளவு? ஓவர்டைம் உண்டா, எந்தக் கணக்கில்? அப்ரெண்டிஸ் ஒப்பந்தம் பதிவு செய்யப்படுமா? பதிலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். போன வருஷம் அங்கே சேர்ந்த சீனியர் அண்ணன்களிடமும் அக்காக்களிடமும் அந்தப் பதில் உண்மையா என்று கேட்டு, பக்கத்திலேயே எழுதி வைப்போம். இதற்குச் செலவு ஒரு பேப்பர், கொஞ்சம் பசை. ஆனால் நமக்குப் பின்னால் வரும் தம்பி தங்கைகள் கண்ணைத் திறந்துகொண்டு கையெழுத்துப் போடுவார்கள்.

உழைப்பை நாம் விற்கிறோம். அது கௌரவமான வியாபாரம். விற்கிற பொருளை அளந்து விற்பதில் என்ன வெட்கம்? கடைக்காரர் நூறு கிராம் சர்க்கரையைச் சும்மா தருவாரா? பிறகு நாம் மட்டும் ஏன் வருஷத்துக்கு ஒரு மாதத்தைச் சும்மா தர வேண்டும்?

அளப்போம்! எழுதுவோம்! சேர்ந்து கேட்போம்!

– இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்